மறுப்பவரைத் தேடுங்கள்: வாதக் கட்டுரைக்குத் தலைப்பும் மைய வாக்கியமும் அமைக்கும் முழுமையான வழிகாட்டி

தமிழ்க் கட்டுரை என்றதும் கை தானாக எழுதத் தொடங்கும் தலைப்புகள் சில உண்டு. ‘தாய்மொழியின் சிறப்பு’, ‘ஒற்றுமையே பலம்’, ‘சுற்றுச்சூழலைக் காப்போம்’. இவற்றை வைத்து அழகான கட்டுரை எழுதலாம். வாதக் கட்டுரை எழுத முடியாது. ஒற்றுமை வேண்டாம் என்று சொல்ல யாரும் வரப்போவதில்லை. எதிரே ஆள் இல்லாத இடத்தில் வாதம் எங்கிருந்து வரும்? ஒரே கருத்தைச் சொல் மாற்றிச் சொல்லி, இரண்டு குறளைச் சேர்த்து, நாலாவது பத்தியில் கட்டுரை மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது.

மொரீஷியஸில் தமிழ் படிக்கும் கிரேட் 9 முதல் 13 வரையிலான மாணவர்கள், கட்டுரைப் போட்டிக்கு எழுதும் இளைஞர்கள், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். தலைப்பைத் தேடுவதில் தொடங்கி, மைய வாக்கியத்தைச் செதுக்கி, அதிலிருந்து கட்டுரையின் வரைவை எடுப்பது வரை வரிசையாகப் போகலாம். வீட்டில் நிதானமாகச் செய்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆதாரம் திரட்ட இன்னும் இரண்டு மணி நேரம். தேர்வறையில் பத்து நிமிடம்தான் கிடைக்கும். அதற்கான சுருக்க வழியைக் கடைசியில் சொல்கிறோம்.

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

தலைப்பு என்பது பேசப்போகும் பொருள். ‘தொடக்கப்பள்ளியில் தமிழ்’ ஒரு தலைப்பு. அந்தப் பொருளில் இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதில் சொல்லக்கூடிய இடம் கேள்வி. அந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலும், அதற்கான தலையாய காரணமும் சேர்ந்ததுதான் மைய வாக்கியம். தலைப்பிலிருந்து நேரே எழுதத் தாவுவதுதான் பெரும்பாலான கட்டுரைகளைக் கெடுக்கிறது. நடுவில் கேள்வி என்ற படி விட்டுப்போனால், எழுதுகிறவர் எதை நிறுவ வந்தார் என்பது அவருக்கே தெரியாமல் போகும்.

தமிழில் இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. தருக்க முறையில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று மூன்றைச் சொல்வார்கள். இன்று நாம் ‘மேற்கோள்’ என்றால் பிறர் சொன்னதை எடுத்துக் காட்டுவது என்று நினைக்கிறோம். பழைய பொருளில் அது, ஒருவர் நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. ‘இம்மலை நெருப்புடைத்து’ என்பது மேற்கோள். ‘புகையுடைமையால்’ என்பது ஏது. ‘அடுக்களை போல’ என்பது எடுத்துக்காட்டு. மூன்று சிறு துண்டுகள், ஒவ்வொன்றும் அடுத்ததைத் தாங்குகிறது. நீங்கள் எழுதப்போகும் கட்டுரைக்கும் இதே கட்டுமானம் போதும்.

தலைப்பு எங்கே கிடைக்கும்

ஒரு தாளை எடுத்துப் பதினைந்து நிமிடத்தில் பன்னிரண்டு தலைப்புகளாவது எழுதுங்கள். நல்லது கெட்டது பார்க்க வேண்டாம். முதல் நான்கைந்தும் பாடப்புத்தகத்திலிருந்து வந்தவையாகத்தான் இருக்கும். ஏழாவதுக்குப் பிறகுதான் உங்கள் வாழ்க்கையிலிருந்து வரத் தொடங்கும். அதனால்தான் பன்னிரண்டு என்று எண்ணிக்கை சொல்கிறோம்.

கை நின்றுவிட்டால் இப்படிக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் இந்த மாதம் எதைப் பற்றிச் சத்தம் உயர்ந்தது? கோயில் கூட்டத்தில் எந்தப் பேச்சு முடிவில்லாமல் நின்றது? பள்ளியில் எந்த விதி யாருக்கும் புரியாமல் இருக்கிறது? எந்த விஷயத்தில் உங்கள் பாட்டியும் நீங்களும் இரண்டு பக்கம் நிற்கிறீர்கள்? வாதம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் இடத்தில்தான் வாதக் கட்டுரைக்கான தலைப்பு கிடக்கிறது.

நம் தீவில் இதற்குப் பஞ்சமே இல்லை. 2005 முதல் மாணவர்களுக்கும் முதியோருக்கும் பேருந்துப் பயணம் இலவசம். வேலை தேடும் இளைஞருக்கும் அதை நீட்ட வேண்டுமா? பிளாஸ்டிக் பைக்கு 2016 ஜனவரி 1 முதல் தடை. தைப்பூசக் காவடி போகும் வழியில் தண்ணீர் பாட்டில் கொடுப்பதை நிறுத்த வேண்டுமா? 2012 முதல் தொடக்கப்பள்ளியில், நம் அன்றாடப் பேச்சுமொழியான கிரியோல் விருப்பப் பாடமாக வந்திருக்கிறது. ஒரு குழந்தை அதையும் தமிழையும் சேர்த்துப் படிக்க வழி செய்ய வேண்டுமா? ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் நியாயமான மனிதர்கள் இருக்கிறார்கள்.

எந்தத் தலைப்பைக் கீழே வைக்க வேண்டும்

சில தலைப்புகள் பார்க்க நன்றாக இருக்கும், எழுத உட்கார்ந்தால் கைவிட்டுவிடும். வெறும் உண்மை அவற்றில் ஒன்று. ஒப்பந்தத் தொழிலாளர்கள் கப்பலிலிருந்து வந்திறங்கிய, போர்ட் லூயிஸில் உள்ள ஆப்ரவாசி காட் 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்பதை யாரோடும் வாதாட முடியாது, அது நடந்தது. ஆனால் ‘கிரேட் 6 மாணவர் ஒவ்வொருவரும் அங்குள்ள படிகளை நேரில் பார்த்துவரப் பள்ளிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்’ என்றால் அது வாதம். செலவு யாருடையது, பாடநேரம் போகிறதே என்று கேட்க ஆள் வருவார்.

முடிந்த வழக்கும் அப்படித்தான். 1998-இல் வந்த புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்தின் இடம் மாறியிருந்தது, தமிழர்கள் எதிர்த்தார்கள், நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. ‘தமிழுக்கு அதே இடம் வேண்டும்’ என்று இன்று கட்டுரை எழுதினால், திறந்திருக்கும் கதவைத் தள்ளுவதாகத்தான் இருக்கும். அதை எடுத்துக்காட்டாக வைத்து வேறொன்றை நிறுவலாம்.

நம்பிக்கை சார்ந்த பொருளை, ‘முருகனை வேண்டினால் நோய் தீரும்’ என்பது போன்றதை, வாதத்தால் நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அதை வாதக் கட்டுரைக்கு இழுத்து வந்தால் நம்பிக்கைக்கும் மரியாதை இல்லை, கட்டுரைக்கும் பலம் இல்லை. சுவை பற்றியதும் வேண்டாம். ஏழு கறி விருந்தை வாழையிலையில் சாப்பிட்டால்தான் ருசி என்பது எல்லாருக்கும் தெரியும். விவாதிக்க என்ன இருக்கிறது?

வடிகட்டும் கேள்விகள்

பன்னிரண்டில் மிஞ்சியவற்றை நான்கு கேள்விகளில் வடிகட்டுங்கள். முதல் கேள்விதான் முக்கியமானது. அதிலேயே பாதித் தலைப்புகள் விழுந்துவிடும்.

மறுப்பவர் யார்? ‘சிலர் மறுக்கலாம்’ என்ற பதில் செல்லாது. இன்னார் என்று ஆளைக் குறிப்பிட வேண்டும்: ‘முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியை’, ‘கடை வைத்திருக்கும் மாமா’, ‘காவடி நாளில் தண்ணீர்ப் பந்தல் போடும் குடும்பம்’. அவர் சொல்லும் காரணத்தை, அவரே கேட்டால் ‘ஆமாம், அதைத்தான் சொல்கிறேன்’ என்று ஒப்புக்கொள்ளும்படி, ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் உங்களுக்கு அந்தப் பொருள் இன்னும் போதுமான அளவு தெரியவில்லை. எழுதும்போது அவர் முட்டாளாகத் தெரிந்தால் நீங்கள் அவரைக் காதுகொடுத்துக் கேட்கவில்லை.

காவடித் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். எளிதில் வரும் மறுப்பு ‘அவர்களுக்குச் சுற்றுச்சூழலில் அக்கறை இல்லை’ என்பது. அது அவர்களுடைய காரணமே இல்லை. பந்தல் போடும் அம்மாவைக் கேட்டால் சொல்வார்: ‘வெயிலில் வெறுங்காலோடு நூற்றுக்கணக்கில் வருகிறார்கள். டம்ளரை யார் கழுவுவது, எந்தத் தண்ணீரில் கழுவுவது? ஒருவர் எச்சில் இன்னொருவருக்குப் போகலாமா?’ இது கனமான மறுப்பு. இதற்குப் பதில் சொல்ல முனையும்போதுதான் கட்டுரை உருப்படியாகும்.

மீதி மூன்று கேள்விகள் விரைவாக முடியும். முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது: அமைச்சகமா, கோயில் நிர்வாகமா, பள்ளி முதல்வரா, பெற்றோரா? அவரை நோக்கித்தான் உங்கள் வாக்கியம் பேச வேண்டும். மூன்று உறுதியான ஆதாரங்களை இரண்டு மணி நேரத்துக்குள் எட்ட முடியுமா? 600 சொல்லில் அடங்குமா? ‘மொரீஷியஸின் கல்வி முறை’ 600 சொல்லில் அடங்காது, ஆறாயிரத்திலும் அடங்காது.

சுருக்கிச் சுருக்கிக் கேள்விக்கு வருதல்

பெரிய தலைப்பைச் சுருக்க, ஒவ்வொரு முறையும் இடம், காலம், ஆள், செயல் ஆகிய நான்கில் ஒன்றைக் குறுக்குங்கள். ஒரு தலைப்பை முழுதாகக் கொண்டுபோய்ப் பார்ப்போம்.

தமிழ் மொழி. அதிலிருந்து மொரீஷியஸில் தமிழ். அதிலிருந்து தொடக்கப்பள்ளித் தமிழ் வகுப்பு. அதிலும் கிரேட் 1 முதல் 3 வரை. அதிலும் ஆசிரியர் எந்த மொழியில் விளக்குகிறார் என்ற ஒன்று மட்டும். கேள்வி இப்போது இப்படி நிற்கிறது: ‘கிரேட் 1 முதல் 3 வரை தமிழ் வகுப்பில் ஆசிரியர் கிரியோலில் பொருள் சொல்லலாமா?’

எவ்வளவு சுருக்கினால் போதும் என்று எப்படித் தெரியும்? கேள்வியைப் படித்ததும் ஒரு காட்சி கண்முன் வர வேண்டும். ‘மொரீஷியஸில் தமிழ்’ என்றால் எதுவும் தெரிவதில்லை. மேலே உள்ள கேள்வியைப் படித்தால் கரும்பலகையும், ஆறு வயதுக் குழந்தையும், வாயைத் திறக்கப்போகும் ஆசிரியரும் தெரிகிறார்கள். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேலும் சுருக்கி ‘கிரேட் 2-இல் செவ்வாய்க்கிழமை வகுப்பில்’ என்று போனால் யாருக்கும் அதில் அக்கறை இருக்காது.

இந்தக் கட்டத்தில் சொற்பொருளையும் தெளிவாக்கிவிடுங்கள். நம் நாட்டில் ‘தமிழ்’ என்பது மொழியை மட்டும் குறிப்பதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது சமயத்தின் பெயராகவும் பதிவாகிறது. வீட்டில் ஒரு சொல்லும் தமிழ் பேசாத குடும்பமும் ‘நாங்கள் தமிழ்’ என்று பெருமையோடு சொல்லும், அது பொய்யும் இல்லை. எனவே ‘தமிழைக் காக்க வேண்டும்’ என்று எழுதினால் ஒருவர் மொழி என்று படிப்பார், இன்னொருவர் வழிபாடு என்று படிப்பார், இருவரும் தலையாட்டிவிட்டு வேறு வேறு திசையில் போவார்கள். ‘தமிழ்மொழி’, ‘தமிழ்ச் சமூகம்’, ‘தமிழர் வழிபாடு’ என்று முதல் பத்தியிலேயே பிரித்து எழுதுங்கள்.

ஆதாரம் முன்னே, வாக்கியம் பின்னே

முடிவை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ற ஆதாரத்தைத் தேடுவது வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்தால் உங்களுக்குப் பிடிக்காத உண்மை கண்ணில் படவே படாது. ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடது பக்கம் ‘ஆம்’ என்பதற்கும் வலது பக்கம் ‘இல்லை’ என்பதற்கும் கிடைத்ததை எழுதிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு பக்கமும் குறைந்தது நான்கு குறிப்புகள். ஒரு பக்கம் காலியாகவே இருந்தால் நீங்கள் எடுத்தது வாதத்துக்குரிய கேள்வி இல்லை, அல்லது நீங்கள் ஒரு பக்கம்தான் பார்த்தீர்கள்.

எங்கே தேடுவது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிவுகளை அரசின் புள்ளிவிவர அலுவலகமான ஸ்டாடிஸ்டிக்ஸ் மொரீஷியஸ் வெளியிடுகிறது. நாடாளுமன்ற விவாதப் பதிவான ஹன்சார்டை இணையத்தில் படிக்கலாம்; ஓர் அமைச்சர் கேள்விக்குச் சொன்ன பதிலில் பல எண்கள் கிடைக்கும். தமிழ்ப் பாடநூல்களை மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் தயாரிக்கிறது. பள்ளித் தமிழ் பற்றிய கட்டுரைக்கு அந்தப் பாடநூலே முதல் ஆதாரம். பிறகு உங்கள் கண்ணும் காதும். ஐந்து பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடி குறித்துக்கொள்வதும் ஆதாரம்தான். ‘நான் கேட்ட ஐவரில் மூவர்’ என்று எழுதுங்கள். ‘மொரீஷியஸ் மக்களில் பெரும்பாலோர்’ என்று ஊதிப் பெருக்காதீர்கள்.

பெரும்பாலான ஆவணங்கள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்கும். குறிப்பு எடுக்கும்போதே தமிழில் எழுதிவிடுங்கள், கூடவே மூலச்சொல்லையும் ஓரத்தில் வையுங்கள். தேர்வுக்கு முதல் நாள் மொழிபெயர்க்க உட்கார்ந்தால், வாக்கியம் பிரெஞ்சு நடையில் தமிழ் எழுத்து மாட்டிக்கொண்டு நிற்கும்.

நம் கேள்விக்குக் கிடைத்தவற்றைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வீட்டில் பேசும் மொழி கிரியோல் என்று பதிவு செய்தார்கள். இது இடது பக்கம் போகிறது. வகுப்பில் தவிர வேறெங்கும் அந்தக் குழந்தை தமிழைக் கேட்பதில்லை; அந்தக் கொஞ்ச நேரத்தையும் கிரியோலுக்குக் கொடுத்தால் மிஞ்சுவது என்ன? இது வலது பக்கம். ஒரே உண்மை இரண்டு பக்கமும் வாதமாகிறது. இப்படிப்பட்ட உண்மை கிடைத்தால் அதை விடாதீர்கள்; கட்டுரையின் நடுப்பகுதி அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றும் கிடைத்தது. கிரியோலில் ‘செவால்’ என்றால் குதிரை. ‘புல்’ என்றால் கோழி. ஆசிரியர் ‘சேவல் புல்லைக் கிளறியது’ என்று படிக்கிறார். பொருள் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போகிறார். பின்வரிசையில் இருக்கும் குழந்தையின் மனத்தில் ஒரு குதிரையும் ஒரு கோழியும் நிற்கின்றன. குழந்தை தவறு செய்யவில்லை, தனக்குத் தெரிந்த மொழியில் சரியாகத்தான் கேட்டது. நூறு பொது வாக்கியங்கள் செய்யாத வேலையை இந்த ஓர் எடுத்துக்காட்டு செய்துவிடும்.

மைய வாக்கியம் எந்த வகை

ஒரே நிகழ்ச்சியை வைத்து மூன்று வகையாக நிலைப்பாடு எடுக்கலாம். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் புவான்ட் டெஸ்னி அருகே பவளத்திட்டில் மோதி நின்றது. ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் கசியத் தொடங்கியது. ‘அந்தப் பன்னிரண்டு நாள் தாமதமே சேதத்தைப் பெரிதாக்கியது’ என்றால் அது காரணம் பற்றிய வாதம். கப்பல் பொறியியல் தெரிய வேண்டும். ‘கரும்புச் சோகையால் மக்கள் கட்டிய மிதவைத் தடுப்புகள் எந்த அரசுத் திட்டத்தையும்விட மேலானவை’ என்றால் அது மதிப்பீடு. எதை வைத்து அளப்பது என்று முதலில் சொல்லியாக வேண்டும். ‘கடலோரப் பள்ளிகள் எல்லாவற்றிலும் எண்ணெய்க் கசிவுப் பயிற்சி ஆண்டுக்கொரு முறை நடத்த வேண்டும்’ என்றால் அது செயல் பற்றியது. பள்ளி மாணவருக்கு மூன்றாவது வகையே ஏற்றது என்பது எங்கள் உறுதியான கருத்து. யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டியிருப்பதால், வாக்கியம் தானாகவே தெளிவாகிவிடும்.

வாக்கியத்தைச் செதுக்குதல்

ஒரே அமர்வில் குறைந்தது ஐந்து முறை எழுதிப் பாருங்கள். நம் கேள்விக்கு முதலில் வரும் வாக்கியங்கள் இப்படித்தான் இருக்கும்.

‘இக்கட்டுரை தமிழ் வகுப்பில் கிரியோலின் பங்கு பற்றி ஆராய்கிறது.’ இது அறிவிப்பு. எழுதியவர் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

‘மொரீஷியஸில் தமிழ் அழியாமல் இருக்க நாம் அனைவரும் பாடுபட வேண்டும்.’ மறுப்பவர் இல்லை. ‘நாம் அனைவரும்’ என்றால் யாரும் இல்லை என்றே பொருள்.

‘தமிழ் வகுப்பில் கிரியோல் பேசலாம், ஆனால் அதிகமாகப் பேசக் கூடாது.’ நடுநிலை போலத் தோன்றுகிறது. அதிகம் என்பது எவ்வளவு? இரு தரப்பையும் திருப்திப்படுத்தப் போய் எதையும் சொல்லாமல் விட்ட வாக்கியம் இது.

‘தமிழ் வகுப்பில் எப்போதும் கிரியோலில்தான் விளக்க வேண்டும்.’ பக்கம் எடுத்துவிட்டது, நல்லது. ஆனால் ‘எப்போதும்’, ‘தான்’ என்ற இரண்டும் சேர்ந்து வாதத்தைத் தாங்க முடியாத அளவுக்குப் பெருக்கிவிட்டன. படம் காட்டி விளக்கிய ஓர் ஆசிரியரைக் காட்டினால் போதும், வாக்கியம் உடைந்துவிடும்.

இப்போது மேற்கோளையும் ஏதுவையும் தனித்தனி வாக்கியமாக்குவோம். ‘கிரேட் 1 முதல் 3 வரை, தமிழ் ஆசிரியர் புதிய சொல்லின் பொருளைக் கிரியோலில் ஒருமுறை சொல்லிவிட்டு, மற்ற எல்லாப் பேச்சையும் தமிழிலேயே நடத்த வேண்டும். ஏனெனில் வீட்டில் தமிழ் கேட்காத குழந்தை, பொருள் தெரியாத சொல்லைத் திருப்பிச் சொல்லுமே தவிர, தானாக எடுத்துப் பேசாது.’

யார் செய்ய வேண்டும், எதை, எந்த வகுப்பில், எந்த எல்லைக்குள், ஏன் என்ற ஐந்தும் இதில் இருக்கின்றன. ‘ஒருமுறை’ என்ற சொல்தான் இதன் உயிர். கிரியோல் வந்தால் தமிழ் போய்விடும் என்று அஞ்சும் ஆசிரியைக்கு அந்த ஒரு சொல் எல்லை வகுத்துக் கொடுக்கிறது. மேற்கோள் இருபது சொல்லுக்குள், ஏது இருபது சொல்லுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வினைமுற்றில் கவனம்

தமிழ் வாக்கியத்தில் நிலைப்பாடு கடைசியில்தான் வரும். வாக்கியம் நீண்டுபோனால், படிப்பவர் நீங்கள் ஆதரிக்கிறீர்களா எதிர்க்கிறீர்களா என்று தெரியாமலே முப்பது சொல் நடக்க வேண்டியிருக்கும். மைய வாக்கியத்தைக் குட்டையாக வைக்கச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

அந்தக் கடைசிச் சொல்லில்தான் வாதத்தின் கனமும் இருக்கிறது. ‘நடத்தலாம்’ என்றால் அனுமதி. ‘நடத்த வேண்டும்’ என்றால் கடமை. ‘நடத்துவது நல்லது’ என்றால் அறிவுரை. மூன்றுக்கும் வேண்டிய ஆதாரம் வேறு வேறு. கடமை என்று எழுதிவிட்டு அனுமதிக்குப் போதுமான ஆதாரத்தை மட்டும் வைத்தால் வாதம் நொண்டும். ‘கூடாது’, ‘வேண்டியதில்லை’ என்ற இரண்டையும் குழப்பிக்கொள்வதும் உண்டு. மனத்தில் கிரியோலில் ‘பா பிசின்’ (தேவையில்லை) என்று ஓடியதை ‘கூடாது’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘வீட்டுப்பாடம் கொடுக்க வேண்டியதில்லை’ என்பது தேவையின்மை, ‘கொடுக்கக் கூடாது’ என்பது தடை. ஒன்றைச் சொல்ல வந்து மற்றதை எழுதினால் கட்டுரை முழுவதும் தவறான இடத்தில் நிற்கும்.

‘கருதப்படுகிறது’, ‘சொல்லப்படுகிறது’ என்று முடிக்காதீர்கள். யார் கருதுகிறார்? நீங்கள் கருதினால் நீங்களே சொல்லுங்கள்.

மறுப்பை எங்கே, எப்படி வைப்பது

நன்னூல் எழுவகை மதம் என்று ஏழு நிலைப்பாடுகளைச் சொல்கிறது; மதம் என்றால் அங்கே கொள்கை. அவற்றில் மூன்று நமக்கு நேரடியாகப் பயன்படும். உடன்படல்: எதிராளி சொல்வதில் சரியானதை ஒப்புக்கொள்வது. மறுத்தல்: தவறானதை நேராக மறுப்பது. பிறர்தம் மதமேற்கொண்டு களைதல்: அவர் சொன்னதைச் சற்று நேரம் ஏற்றுக்கொண்டு, அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று காட்டி நீக்குவது.

மூன்றாவதுதான் மிகவும் வலுவானது, ஆனால் மாணவர்கள் அதைத் தொடுவதே இல்லை. செய்து பார்ப்போம். ‘வகுப்பில் கிரியோலே வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். சேவலுக்கு ஆசிரியர் படம் காட்டுவார். ஓடு, உட்கார் என்பவற்றுக்கு நடித்துக் காட்டுவார். நேற்று என்ற சொல்லுக்கு எந்தப் படம்? ஆனால் என்ற சொல்லுக்கு எப்படி நடிப்பது? ஒரு நொடியில் தாண்ட வேண்டிய சொல்லுக்குப் பத்து நிமிடம் போகிறது. தமிழுக்கென்று காத்த நேரம் தமிழில்லாமலே கழிகிறது.’ எதிராளியின் அக்கறையும் தமிழ் நேரத்தைக் காப்பதுதான். அந்த அக்கறையை வைத்தே அவரை உங்கள் பக்கம் அழைத்து வந்துவிட்டீர்கள்.

உடன்படலையும் மறக்க வேண்டாம். ‘கிரியோலில் பேசத் தொடங்கிய வகுப்பு கிரியோலிலேயே முடிந்துவிடும் ஆபத்து உண்மைதான்’ என்று ஒரு வரி எழுதினால், படிப்பவர் உங்களை நம்பத் தொடங்குவார்.

வாக்கியத்திலிருந்து வரைவு

600 சொல் கட்டுரைக்கு நாங்கள் பரிந்துரைக்கும் பங்கீடு: முன்னுரை 80, முதல் காரணம் 140, இரண்டாம் காரணம் 140, மறுப்பும் பதிலும் 160, முடிவு 80. மறுப்புக்கு ஒரு காரணத்தைவிட அதிக இடம் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். முன்னுரையில் நான்காவது வாக்கியத்துக்குள் மைய வாக்கியம் வந்துவிட வேண்டும். சங்க காலத்தில் தொடங்கினால் வராது.

காரணம் சொல்லும் ஒவ்வொரு பத்தியின் முதல் வரியையும் மட்டும் எழுதி, அதற்கு முன் ‘ஏனெனில்’ போட்டு மைய வாக்கியத்தோடு சேர்த்துப் படியுங்கள். பொருந்தவில்லை என்றால் அந்தப் பத்தி நன்னூல் சொல்லும் ‘மற்றொன்று விரித்தல்’ என்ற குற்றம். எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். வலுவான காரணத்தை முதலில் வைத்து மெலிந்ததைக் கடைசியில் வைத்தால் அது ‘சென்று தேய்ந்திறுதல்’. கனமானதைப் பின்னால் வையுங்கள்.

எழுதும்போது மைய வாக்கியம் மாறலாம். இரண்டாம் காரணத்தை எழுதுகையில் ‘கிரேட் 3 வரை எதற்கு, முதல் இரண்டு ஆண்டு போதுமே’ என்று தோன்றினால், மேலே போய் வாக்கியத்தைத் திருத்துங்கள். திருத்தியதும் முன்னுரையும் முடிவும் அதே எண்ணைச் சொல்கின்றனவா என்று பாருங்கள்; இங்கேதான் ‘மாறுகொளக் கூறல்’ நுழைகிறது.

தேர்வறையில்

ஒரு மணி நேரத் தேர்வு என்றால்: தலைப்புக்கும் மைய வாக்கியத்துக்கும் 10 நிமிடம், வரைவுக்கு 5, எழுத 38, படித்துத் திருத்த 7. தலைப்புகள் கொடுக்கப்பட்டிருந்தால், உங்களுக்குப் பிடித்ததை எடுக்காதீர்கள்; எதில் மறுப்பவரின் காரணம் உடனே உங்கள் வாயில் வருகிறதோ அதை எடுங்கள். விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி எழுதுங்கள்: அவர் சொல்வது, நான் சொல்வது, ஏன். பிறகு நடுவே ஒரு கோடு போட்டு அடித்துவிடலாம். கொடுத்த தலைப்பு பொதுவாக இருந்தால், ‘கைப்பேசியின் நன்மை தீமை’ என்பது போல, ‘இக்கட்டுரையில் பள்ளி நேரத்தில் கைப்பேசி என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்’ என்று முன்னுரையிலேயே எல்லை வகுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எழுதுபவர்களுக்குக் கடைசி வேலை ஒன்று இருக்கிறது. மைய வாக்கியத்தை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, முதலில் நீங்கள் குறிப்பிட்ட அந்த மறுப்பவரிடமோ, அவரைப் போல நினைக்கும் ஒருவரிடமோ படித்துக் காட்டுங்கள். தமிழ் படிக்க வராதவர் என்றால் கிரியோலில் சொல்லுங்கள். கிரியோலில் சொல்ல முடியாத வாக்கியம் தமிழிலும் தெளிவாக இருக்காது. ‘என்ன சொல்ல வருகிறாய்?’ என்று கேட்டால் வாக்கியத்தைத் திருத்துங்கள். ‘அது சரிதான்’ என்று உடனே ஒப்புக்கொண்டால் வாக்கியம் பொதுவாகிவிட்டது. கேள்வியை இன்னும் சுருக்குங்கள். ‘இல்லை இல்லை, அது எப்படி? பிள்ளைகள் பிறகு தமிழே பேச மாட்டார்களே’ என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தால், அவர் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் பத்தியின் முதல் வரி அது.